பிலேமோன் கடிதம் குறித்த நான்கு வார இணையவழி வகுப்பு: ஒரு மதிப்புரை

அப்போஸ்தலர் பவுல் சிறையிலிருந்து எழுதிய, புதிய ஏற்பாட்டில் உள்ள பிலேமோன் கடிதத்தின் பின்னணியையும் நோக்கத்தையும் விளக்கும் நான்கு வார இணையவழி வகுப்பொன்றில் அண்மையில் சேர்ந்து படித்தேன். 25 வசனங்களே உள்ள ஒரு கடிதத்திற்கு நான்கு வாரம் எதற்கு என்ற ஐயம் எனக்கு இருந்தது. இரண்டாம் வாரத்திலேயே அது நீங்கியது.

அந்த வாரத்தில் ஆசிரியர் எடுத்துக்கொண்டது, கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்ற கேள்வி. தனிப்பட்ட வேண்டுகோள் போலத் தோன்றும் இக்கடிதம், பிலேமோனுடன் அப்பியாளையும் அர்க்கிப்புவையும் அவர் வீட்டில் கூடும் சபையையும் விளித்தே தொடங்குகிறது. வாழ்த்திலும் முடிவிலும் பன்மையில் பேசும் பவுல், பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படியான வேண்டுகோள் முழுவதையும் ஒருமையில் பிலேமோனை நோக்கியே வைக்கிறார். ஆங்கில வாசகருக்கு எளிதில் புலப்படாத இந்த வேறுபாடு, நம் பழைய மொழிபெயர்ப்பில் 'உமக்கு', 'உங்களுக்கு' என்று தெளிவாகவே நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் வாசித்தும் நான் கவனித்ததில்லை. சபையார் கேட்டுக்கொண்டிருக்க ஒருவரிடம் மட்டும் கேட்கும்போது, அவரால் எளிதில் மறுத்துவிட முடியாது; கட்டளையிடத் துணிவிருந்தும் அன்பினிமித்தம் மன்றாடுவதாகப் பவுல் சொல்வதன் கூர்மை அப்போதுதான் விளங்குகிறது.

ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, தம் நண்பர் சபினியானுசின் கோபத்திற்கு ஆளான விடுதலை பெற்ற அடிமை ஒருவனுக்காகப் பரிந்து எழுதிய கடிதத்தை அருகில் வைத்து ஒப்பிட்டதும் பயனுள்ளதாக இருந்தது. பிளினி அவனுடைய கண்ணீரையும் மனவருத்தத்தையும் எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். பவுலோ ஒநேசிமுவின் மனவருத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், அவன் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் வைக்கும்படி கேட்டு, தாமே செலுத்துவதாகத் தம் கைப்பட எழுதித் தருகிறார்.

குறை மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. ஒநேசிமு எசமானிடம் திருடிவிட்டு ஓடிப்போனவன் என்ற மரபுவழி விளக்கத்தை ஆசிரியர் முடிந்த முடிவாகவே சொல்லிவிட்டார். கடிதத்தில் அவன் ஓடினான் என்றோ திருடினான் என்றோ நேரடியான சொல் இல்லை. எசமானின் கோபத்தைத் தணிக்க அவருடைய நண்பரான பவுலை நாடிச் சென்றவனாக இருக்கலாம் என்று புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பீட்டர் லாம்பே 1985-இல் முன்வைத்த கருத்துக்கு ஒரு நிமிடமாவது ஒதுக்கியிருக்கலாம். சிறை இருந்த இடம் ரோமாபுரியா எபேசுவா என்ற விவாதமும் அப்படியே கடந்துபோனது. பிலேமோன் வாழ்ந்ததாகக் கருதப்படும் கொலோசேயிலிருந்து எபேசு சில நாள் நடைதூரத்தில் இருக்க, ரோமாபுரிக்குக் கடல் கடந்து செல்ல வேண்டும் என்பதால், தமக்குத் தங்குமிடத்தை ஆயத்தம்பண்ணச் சொல்லும் 22-ஆம் வசனத்தின் பொருளே இதைப் பொறுத்து மாறும்.

கடைசி வாரம், பவுல் உண்மையில் கேட்டது மன்னிப்பையா, விடுதலையையா, ஒநேசிமுவைத் தம்மிடமே திருப்பி அனுப்புவதையா என்று விவாதித்தது. விடையை மாணவர்மேல் திணிக்காத அந்த ஒன்றரை மணி நேரத்திற்கே கட்டணம் தகும் என்பேன். ஒலிப்பதிவுகள் தாமதமாகவே கிடைத்தன; அச்சிட்ட குறிப்புகளில் எழுத்துப் பிழைகள் உண்டு. சேர விரும்புவோர் முதல் வகுப்புக்கு முன்பே கடிதத்தை ஒருமுறை உரக்க வாசித்துவிடுவது நல்லது. ஐந்து நிமிடம்கூட ஆகாது.