மலையகத்து ஈரத்தில் கையால் செய்த மரத் தளபாடங்கள்: சில வருஷப் பாவனைக்குப் பிறகு

ஹட்டன் பக்கத்தில் குடியிருக்கிறேன். தச்சுத் தொழில் படித்தவனில்லை. வார நாளில் வேறு வேலை, சனி ஞாயிறு இஸ்தோப்பில் மர வேலை. இப்படியே இஸ்தோப்புக்கு ஒரு வாங்கு, மகளுக்குப் படிக்கிற மேசை, குசினிக்கு இறாக்கை, ஒரு கட்டில், லாச்சி வைத்த சின்ன அலுமாரி என்று ஒவ்வொன்றாகச் செய்து, சில வருஷமாக அவற்றைப் பாவித்தும் வருகிறோம். செய்து முடித்த அன்றைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மழைக்காலம் இரண்டு போன பிறகுதான் எது நிற்கும், எது ஆடும் என்று தெரியும். ஆகவே செய்முறையைக் கொஞ்சமாகவும், செய்தவை இன்றைக்கு எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

நான் இதைத் தொடங்கியதற்குக் காரணம் இடம். லயன் காம்பரா என்றால் பழைய கணக்குப்படி 10க்கு 12 அடி. டவுன் கடைகளில் நிற்கிற கட்டிலும் அலுமாரியும் பெரும்பாலும் மொரட்டுவையிலிருந்து ஏற்றி வருபவை. நல்ல வேலைப்பாடுதான், ஆனால் பெரிய அறையையும் அகல வாசலையும் நினைத்துச் செய்தவை. அலுமாரியை உள்ளே கொண்டு போக முடியாமல் கதவு நிலையைக் கழற்றிய குடும்பங்கள் எங்கள் பக்கமே உண்டு. நாமே செய்தால் சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற இரண்டே முக்கால் அடிக்குள் மேசை அச்சாக உட்காரும். மகளின் மேசை அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. அது ஒன்றுக்காகவே இந்த வேலை தகும்.

மலையகத்துக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. தேயிலை பலகைப் பெட்டியில் போன காலத்தில், கழித்துப் போட்ட பெட்டி ஒன்று கிடைத்தால் அதுதான் துணிப் பெட்டி, கவிழ்த்தால் அதுதான் மேசை. இப்போது தேயிலை தாள் சாக்கில் போகிறது, பெட்டியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பெரியப்பா வீட்டில் ஒன்று இன்னும் இருக்கிறது. ஓரத்துத் தகரம் துருவேறிப் போனாலும் பலகை கோணவில்லை. அது ஒட்டுப்பலகை, மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஈரம் அதை அதிகம் அசைக்காது. ஆனால் மரக்காலையில் வாங்கும் தனிப் பலகை அசையும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மரம் காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், திரும்ப விடும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 12 சதவீதத்தில் நிற்கும். 80 என்றால் சுமார் 16. காற்று 90இலேயே நின்றுவிட்டால் மரம் 20ஐத் தொடும், அதற்கு மேலே போனால் பூஞ்சணம் பிடித்து உக்கத் தொடங்கும். எங்கள் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்திருக்கும். மே கடைசியில் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை உடுப்பே காயாது. அதே ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று அடித்து மண் வெடித்துக் கிடக்கும். இரண்டு ஊரும் மலையகம்தான், ஆனால் ஒரே மேசை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. வெளியூர்க்காரர் வீடியோவில் சொல்லும் இடைவெளி அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இது.

பலகை நீளவாக்கில் அசைவது இல்லை என்றே சொல்லலாம். அகலத்தில்தான் ஊதும், சுருங்கும். 24 அங்குல அகலமுள்ள பைனஸ் மரத் தட்டு, காய்ந்த மாதத்துக்கும் மழை மாதத்துக்கும் நடுவில் கால் அங்குலம் வரைக்கும் கூடிக் குறையும். அந்தத் தட்டை நாலு பக்கமும் பசை வைத்து, ஆணியும் அடித்து இறுக்கினால், சுருங்கும்போது அது எங்கே போகும்? நடுவில் பிளக்கும்.

மகளின் மேசையில் தட்டு சட்டத்தோடு ஒட்டப்படவில்லை. சட்டத்தின் உட்பக்கம் நெடுக ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்திருக்கிறேன். இரண்டு அங்குல மரக்கட்டைகளின் ஒரு நுனியைப் படியாக வெட்டி, அந்தப் படியைக் காடிக்குள் நுழைத்து, மறு நுனியைத் தட்டின் அடியில் திருகாணியால் பிடித்திருக்கிறேன். கட்டை காடிக்குள் ஒரு நூல், இரண்டு நூல் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று) நகரலாம், ஆனால் தட்டு மேலே எழும்ப முடியாது. போன தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது மேசையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கட்டைகள் போய் வந்த தடம் காடியில் மினுமினுப்பாகத் தெரிந்தது. தட்டில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை.

லாச்சிதான் ஈரத்தை நன்றாகக் காட்டிக் கொடுக்கும். எங்கள் சின்ன அலுமாரியின் லாச்சி முகப்பு ஆறு அங்குல உயரம். பெப்ரவரியில் அதன் மேல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ரூபா நாணயம் தாராளமாக நுழையும். ஜூலையில் கடதாசி நுழைக்கவே பாடுபட வேண்டும், இழுத்தால் முனகிக்கொண்டுதான் வரும். ஆனால் வரும். ஓடுகிற விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் மழைக்காலம் முழுக்கக் கவலையில்லை. காய்ந்த மாதத்தில் லாச்சி செய்கிறவர்கள் ஒரு நூல் இடைவெளி விட்டே ஆக வேண்டும். மழை மாதத்தில் செய்தால் இறுக்கமாகவே விடலாம், தை மாசியில் தானாகத் தளரும்.

சரி, எந்த மரம்? தொடங்குகிறவர்களுக்கு என் வாக்கு பைனஸுக்குத்தான். விலை குறைவு, கைவாளுக்கு இணங்கும், இழைப்புளி சுகமாக ஓடும். கணு இருக்கிற இடத்தில் பிசின் கசியும். ஈரத்தோடு அடுக்கிவைத்த பலகையில் நீலக் கறை பிடிக்கும். அந்தக் கறையால் பலம் குறைவதில்லை, மறைவான பக்கத்துக்கு அந்தப் பலகையைப் போட்டால் போதும். கிராண்டிஸ் என்று மரக்காலையில் சொல்லும் யூகலிப்டஸ் பாரமும் பலமும் உள்ளது. எங்கள் கட்டிலின் கால்களும் நீளச் சட்டங்களும் அதுதான். துளை போடாமல் திருகாணி இறக்கினால் வெடிக்கும், சாதா இரும்பாணி பட்ட இடம் ஈரத்தில் கறுத்துப் போகும். அல்பீசியாவைப் பின்பக்க அடைப்புக்கு மேல் நம்ப வேண்டாம், உளுப் பூச்சி சீக்கிரம் விழும்.

எனக்குப் பிடித்தது தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த சில்வர் ஓக். நடுக்குருத்திலிருந்து ஆரவாக்கில் அறுத்த பலகையை இழைத்தால் முகத்தில் பட்டுச் சேலைச் சரிகையின் மினுக்கம் எழும்பி வரும். தேக்கு வாங்க வசதியில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு தரம் இதை இழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இதன் பாலும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் தேய்க்க வேண்டாம். பலா தளபாடத்துக்கு அருமையான மரம், ஆனால் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறதுதானே என்று வெட்டிவிடாதீர்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலாவும் ஈரப்பலாவும் வெட்ட அனுமதி வேண்டும்.

சரக்கு ஏற்றி வரும் பலகைத் தட்டுகளை (பெலட்) உடைத்து விற்பதும் இப்போது டவுனில் கிடைக்கிறது. வாங்கும்போது கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். பக்கத்தில் ஹெச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, தாராளமாகப் பாவிக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைட் வாயு அடித்தது. அதை வீட்டுக்குள், முக்கியமாகப் பிள்ளைகள் புழங்கும் இடத்துக்குக் கொண்டுவர மாட்டேன்.

பலகை வாங்கியதும் வேலையைத் தொடங்க முடியாது. மரக்காலையிலிருந்து வருவது பெரும்பாலும் பச்சை. பக்கத்துத் தோட்டத்துத் தச்சு பாஸ் ஒருவர் எங்கள் இஸ்தோப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பலகைய சுவத்துல சாத்தாதீங்க தம்பி, வளைஞ்சிரும். படுக்கப் போட்டு நடுநடுவுல குச்சி வைங்க. நுனிக்குப் பழைய பெயின்ட் அடிச்சி விடுங்க." அப்படியேதான் செய்கிறேன். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை, அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே தடிப்பான குச்சிகள், அந்தக் குச்சிகளுக்கு நேர் மேலேயே அடுத்த வரிசைக் குச்சிகள், உச்சியில் பாரத்துக்கு நாலு கல். நுனியில் பெயின்ட் அடிக்காத பலகை நாலைந்து அங்குலம் வரை உள்ளே வெடித்து வீணாகிறது. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. காய்ந்துவிட்டதா என்று பார்க்க, அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குசினித் தராசில் வாராவாரம் நிறுத்து எழுதி வையுங்கள். நிறை குறைவது நின்றால் பலகை உங்கள் ஊர்க் காற்றுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். காசு கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை.

பசை விஷயத்தில் குளிரைக் கவனிக்க வேண்டும். சாதாரண வெள்ளைப் பசைகளில் பல, 10 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, காய்ந்ததும் சுண்ணாம்பாக வெளுத்து நிற்கும். நுவரெலியாப் பக்கத்து ஜனவரி இரவில் அது சாதாரணக் குளிர். மத்தியானம் ஒட்டி, கட்டையை வீட்டுக்குள் வைத்து இறுக்கிவிடுங்கள். மழைக்காலத்தைத் தாங்க, ஈரம் தாங்கும் தரத்தைக் காட்டும் டி3 (D3) என்று போட்ட பசையே நல்லது. அப்புறம், பசையைவிட மூட்டு முக்கியம். ஒரு கட்டையின் நுனியில் நாக்கு எடுத்து இன்னொன்றில் குழி வெட்டி இறக்கிய மூட்டுகள் எதுவும் எங்கள் வீட்டில் இன்றுவரை ஆடவில்லை. திருகாணி மட்டும் போட்ட இறாக்கையை வருஷத்துக்கொரு தரம் முடுக்கிவிட வேண்டியிருக்கிறது.

பூச்சுக்கு என் தீர்ப்பு கறாரானது: ஜூன், ஜூலையில் தின்னர் கலந்து அடிக்கிற சீலர் பூச்சைத் தொடாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளைப் புகையாக உறைந்துவிடும். பெப்ரவரி, மார்ச்சில் பத்து மணி வெயிலுக்குப் பிறகு அடித்தால் கண்ணாடியாக வரும். மேல் பக்கத்துக்கு எத்தனை பூச்சோ, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் அத்தனை பூச்சு. ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்தால் பலகை வளையும். ஆளி எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போட வேண்டாம். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட்டுத்தான் எறிய வேண்டும்.

இனி ஒவ்வொன்றும் இன்று எப்படி என்று சொல்கிறேன். அதிகம் அடிபட்டது இஸ்தோப்பு வாங்கு. சாரல் நேராக அடிக்கிற இடம். உட்காரும் பலகைகளுக்கு நடுவில் அரை அங்குல வெளி விட்டிருப்பதால் தண்ணீர் தேங்கவில்லை. காலின் நுனிதான் தரை ஈரத்தை உறிஞ்சும் இடம், அதற்குப் பழைய டயர் துண்டை வெட்டி அடித்திருக்கிறேன். டயருக்கு மேலே மரம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. வார்னிஷ் மட்டும் வருஷா வருஷம் உரிகிறது, வெளியே வைக்கிற சாமானுக்கு அந்த வேலை தீராது. கட்டில் முழுக்க போல்ட் நட்டுதான். கழற்றி வாசலால் எடுக்கலாம். மாசியில் மரம் சுருங்கிக் கிறீச்சிடும்போது ஸ்பேனரால் கால் திருப்பு, சத்தம் நின்றுவிடும். மெத்தைக்கு அடியில் பட்டைகளுக்கு நடுவே இரண்டு அங்குல வெளி இருப்பதால், முன்பு பலகைத் தளக் கட்டிலில் பிடித்த பூஞ்சணம் இதில் இல்லை. இதே காலத்தில் கடையில் வாங்கிய தூள்பலகைப் பெட்டி ஒன்றும் வீட்டில் இருந்தது. தரையைத் தொட்ட விளிம்பு ஊதி, மேல்தாள் பிரிந்து, இப்போது கோழிக்கூட்டுக்கு மறைப்பாக நிற்கிறது.

கருவிக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. நல்ல கைவாள், இழைப்புளி, இரண்டு உளி, மூலைமட்டம், சாணைக்கல், நாலைந்து கிளாம்ப், ஒரு ட்ரில். இவற்றில் சாணைக்கல்லுக்குத்தான் அதிகம் செலவழியுங்கள். மொட்டை உளிதான் கையை வெட்டும், ஏனென்றால் அதைத் தள்ள வேண்டியிருக்கிறது. மின்வாளை லயத்தில் ஓட்டினால் சுவருக்கு அப்பால் கைக்குழந்தை தூங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கைவாளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

செலவைக் கேட்பவர்களுக்கு: 2022 நெருக்கடிக்குப் பிறகு மரம், பசை, பூச்சு எல்லாமே ஏறிவிட்டன, முதல் சாமானிலேயே மிச்சம் பார்க்க முடியாது. கருவிக்குப் போட்ட காசு மூன்றாவது, நான்காவது சாமானில்தான் திரும்பும். நேரம் இல்லாதவர்கள் ஊர் பாஸிடம் அளவு கொடுத்துச் செய்விப்பதே நல்லது, அவருக்கும் வேலை கிடைக்கும். மற்றவர்கள் வாங்கு அல்லது முக்காலியில் தொடங்கலாம். லாச்சியையும் கதவையும் ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு எடுங்கள்.

இப்போது இஸ்தோப்பில் சவுக்குப் பலகை அடுக்கிக் கிடக்கிறது, மகளுக்கு உடுப்பு அலுமாரி. கதவுச் சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையில்லாமல் அதற்குள் இறக்கப் போகிறேன், ஊதினாலும் சுருங்கினாலும் அது உள்ளேயே நகரட்டும். நடுப்பலகைக்கு மட்டும் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே பூச்சு அடித்தாக வேண்டும். பிறகு அடித்தால், சுருங்கும்போது பூச்சுப் படாத வெள்ளை ஓரம் வெளியே தெரியும். துண்டின் நிறை இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது, ஆகவே அறுப்பு வேலை ஜனவரிக்குப் பிறகுதான்.