வேலை போச்சு: அவளிடம் மறைப்பதா, சொல்வதா?

சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஐடி கம்பெனிகளில் ஆள்குறைப்பு என்றதுமே பல பசங்களுக்கு வரும் பயம், காதலியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். 'ஆம்பளைன்னா சம்பாதிக்கணும்' என்றே வளர்த்திருக்கிறோம்.

செலவு
மறைத்தால்: ஐடி கார்டு மாட்டிக் கிளம்பி, பெசன்ட் நகர் பீச்சில் பொழுதைக் கழிக்கணும். வார இறுதி சினிமா, ஹோட்டல் பில் எல்லாம் கிரெடிட் கார்டில் ஏறும்.
சொன்னால்: டீக்கடையோடு முடியும்.

எளிமை
மறைத்தால்: முதல் வாரம் சுலபம். பிறகு ஒவ்வொரு போனுக்கும் புதுப் பொய். எரிச்சல் அவள்மேல் பாயும்; காரணம் தெரியாமல் அவள் தன்னையே நொந்துகொள்வாள். இதுதான் கொடுமை.
சொன்னால்: பத்து நிமிடம் தொண்டை அடைக்கும். அழுகை வந்தால் வரட்டும்.

யாருக்கு எது?
அவள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போடலாம். மற்றவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள். வாயே வரவில்லையா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.