பச்சையாக இருக்கிறதே என்று ரோஸ்மேரி வாங்கி ஏமாந்தேன்

ஈசிஆர் பக்கம் நர்சரிக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பொங்கல் லீவில் போய் 1,850 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாங்கியது சமையலில் வாசனைக்குப் போடும் ரோஸ்மேரி இரண்டு, லாவண்டர் ஒன்று. "ஊட்டியில இருந்து நேத்துதான் வந்துச்சுக்கா" என்றார் கடைக்காரர். ரோஸ்மேரி நல்ல அடர்த்தி. லாவண்டரில் ஊதாப் பூ வேறு. வெள்ளைப் பீங்கான் தொட்டிகளில் அவரே நட்டும் கொடுத்தார். "தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்க, ஜம்முனு வரும்." நானும் ஒரு வேளைகூடத் தவறாமல் ஊற்றினேன்.

மூன்றாவது வாரம் லாவண்டரின் அடி இலைகள் கறுத்தன, தண்டு துவண்டது. ரோஸ்மேரி மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே பச்சையாக நின்றது. சரி, இதாவது பிழைத்ததே என்று இருந்தேன். ஒரு நாள் உருளைக்கிழங்கு வறுவலில் போட ஒரு கொத்து கிள்ளப் போனால், குச்சி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. கத்தியால் சாய்வாக வெட்டிய அடி, வெட்டிய அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படியே. பக்கத்துக் குச்சியை இழுத்தேன், அதுவும் வந்தது. இரண்டு தொட்டிக்கும் சேர்த்து பதினோரு குச்சிகள். வேர் விட்டிருந்தது இரண்டே இரண்டு. நான் மயங்கிய அடர்த்தியின் லட்சணம் இதுதான். ரோஸ்மேரியின் இலை ஊசி மாதிரி மெலிந்தது, தோல் தடித்தது. குச்சி செத்த பிறகும் பல நாள் நிறம் மாறாமல் நிற்கும். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது.

சந்தேகம் வந்து லாவண்டரையும் கவிழ்த்தேன். நர்சரியின் கறுப்பு பாலித்தீன் கவரைக்கூடக் கிழிக்காமல் அப்படியே உள்ளே இறக்கி, சுற்றிச் செம்மண்ணை அடைத்து, மேலே கூழாங்கல் பரப்பியிருக்கிறார்கள். தொட்டியின் அடியில் துளை கிடையாது. சாக்கடை நாற்றம். வேரைப் பிடித்தால் தோல் வழுக்கி உருவிக்கொண்டு, நடுவில் இருக்கும் நூல் மட்டும் விரலில் தங்கியது.

போன் செய்தேன். "மலைச் செடிக்கா, நம்ம வெயில் தாங்கல" என்றார். நட்டுக் கொடுத்தபோது வெயில் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். லைன் கட்.

வெயில் மேல் பழி போடுவதை நம்பாதீர்கள். இரண்டும் மத்தியதரைக் கடலோரத்துச் செடிகள். கோடை முழுக்க மழையே காணாத கல் சரிவுகளில் காய்ந்தே வளர்பவை. நம் ஊரில் அவற்றைப் படுத்துவது புழுக்கம். கொல்வது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். ராத்திரியும் வெக்கை தணியாத ஊரில் மண் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகிவிடும். லாவண்டரில் இங்கிலீஷ் லாவண்டர் என்ற வகைக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும், சென்னையில் அதற்கு ஆசைப்படவே வேண்டாம். இலை ஓரம் ரம்பம் போல் பல் பல்லாக இருக்கும் பிரெஞ்சு லாவண்டர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

வேர் விட்ட அந்த இரண்டு குச்சிகளையும் மண் தொட்டிக்கு மாற்றினேன். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு உடைத்த செங்கல் ஜல்லி, ஒரு கைப்பிடி மண்புழு உரம். காலை வெயில் முழுசாக விழும், மதியத்துக்கு மேல் சுவர் நிழல் வந்துவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அடியில் தட்டு வைப்பதில்லை. இப்போது நுனியில் வெளிர்பச்சைத் துளிர் வந்திருக்கிறது, கத்திரி வெயிலைத் தாண்டட்டும் பார்ப்போம்.

நீங்கள் வாங்கப் போனால், பணம் கொடுக்கும் முன் தண்டின் அடியைப் பிடித்து லேசாக அசையுங்கள். வேர் பிடித்த செடி மண்ணோடு சேர்ந்து அசையும், வெறும் குச்சி தனியாக ஆடும். கவரின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். அவர்கள் நட்டுக் கொடுக்க வேண்டாம், கவரோடு வாங்கி வந்து வீட்டில் கிழித்து நடுங்கள். அப்புறம் பில். எனக்குக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. "செடி 3" என்று மட்டும் எழுதியிருக்கிறது.