நிற்காத போறணை: டீசல் பேர்னர் வைத்திருக்கும் வெதுப்பகத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் டீசல் பேர்னர் பூட்டிய போறணையில் பாண் சுடுகிற எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் போறணையைத் திருத்த வந்த ஒருவர் 46,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, செய்யாத வேலைக்கெல்லாம் கணக்கு எழுதினார். அதைவிடக் கொடுமையாக, போறணையின் பாதுகாப்பு அமைப்பையே செயலிழக்கச் செய்துவிட்டுப் போனார். அதன் விளைவாக, எங்களிடம் வேலை செய்யும் 22 வயதுத் தம்பி ஒருவரின் இரண்டு கைகளும் வெந்தன. போனது காசு மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

எங்கள் வெதுப்பகம் களுவாஞ்சிகுடிக்கு அண்மையில் உள்ளது. அப்பாவின் காலத்தில் செங்கல்லால் கட்டிய விறகுப் போறணைதான் இருந்தது. நான் பொறுப்பெடுத்த பிறகு, ட்ரொலியோடு உள்ளே தள்ளிச் சுழலவைக்கும் டீசல் போறணை ஒன்றைப் பழையதாக வாங்கினோம். நள்ளிரவில் மா குழைத்து, இரண்டு மணியளவில் முதல் ட்ரொலியை உள்ளே தள்ளினால்தான் காலை ஐந்தரைக்குப் பாண் ஓட்டோக்களை அனுப்ப முடியும். போறணை ஒரு மணித்தியாலம் நின்றாலும் அன்றைய மா புளித்துவிடும். அந்த அவசரத்தைத்தான் வந்தவர் பயன்படுத்திக்கொண்டார்.

சென்ற மார்கழி மழையில் போறணை அடிக்கடி தானாக நிற்கத் தொடங்கியது. பேர்னரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ரீசெட் பொத்தானை அழுத்தினால் மீண்டும் பற்றும். அரை மணித்தியாலத்தில் மறுபடியும் நிற்கும். இவ்விடத்தில் அந்தப் பேர்னர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நடந்த அநியாயம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பம்ப் டீசலை உயர் அமுக்கத்தில் நொசிலுக்கு அனுப்புகிறது. நொசில் அதை மெல்லிய தூவலாக்குகிறது. ஏறத்தாழ 10,000 வோல்ற் மின்னழுத்தத்தில் இரண்டு மின்வாய்களுக்கு இடையே பாயும் பொறி அந்தத் தூவலைப் பற்றவைக்கிறது. காற்றாடி எரிவதற்கு வேண்டிய காற்றைத் தருகிறது. தீ உண்மையாகவே எரிகிறதா என்பதை ஒளியுணரி ஒன்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வேலையாட்கள் அதைப் ‘பேர்னரின் கண்’ என்று சொல்வார்கள். டீசல் திறந்து சில வினாடிகளுக்குள் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியாவிட்டால், பெட்டி டீசலை அடைத்து, ரீசெட் பொத்தானை அழுத்தும்வரை மறுபடி ஓடாதபடி பேர்னரைப் பூட்டிவிடும். சிவப்பு விளக்கின் அர்த்தம் இதுதான். எரியாத டீசல் உள்ளே சேராமல் தடுக்கும் ஒரே காவல் அது.

எங்களுக்கு வழமையாக வேலை செய்து தந்தவர் கட்டாருக்குப் போய்விட்டதால், தெரிந்த ஒருவரிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி இந்த மனிதரை அழைத்தேன். அவர் பேர்னரைக் கழற்றிப் பூட்ட நாற்பது நிமிடம் எடுத்தார். புதிய நொசில், புதிய பில்டர், பம்ப் சீல், முழுச் சேர்விஸ் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார். அதில் அவருடைய பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டும்படி நானும் கேட்கவில்லை. புகைபோக்கியில் எந்தக் கருவியையும் வைத்து அவர் அளக்கவும் இல்லை. புறப்படும்போது, “இனி இது நிக்காது அண்ணன், பயமில்லாமப் போட்டு எடுங்க” என்றார். டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையும் என்றும் ஒரு யோசனை சொன்னார். நல்ல வேளையாக அதை நாங்கள் செய்யவில்லை. மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது. டீசலில் ஓடும் பம்புக்கு வேண்டிய வழுவழுப்பை அது போதியளவு தராது. காற்றளவையும் அமுக்கத்தையும் மறுபடி சரிசெய்யாமல் அதைக் கலப்பது சரியான வேலையல்ல.

அவர் சொன்னபடியே போறணை அதன் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் அடுத்த நாட்களில் கண்ட ஒவ்வொன்றும் ஓர் எச்சரிக்கையாக இருந்ததை இப்போதுதான் உணர்கிறேன். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 36 லீற்றராக இருந்த டீசல் செலவு 43 லீற்றருக்கு ஏறியது. புகைபோக்கியின் வாயில் கரி தடித்தது. கூரைத் தகரத்தில் கறுப்பு படிந்தது. பேர்னர் பற்றும்போது முன்பு கேட்காத ‘பொம்’ என்ற சத்தம் ஒன்று கேட்டது. விடியற்புறத்தில் போறணைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தலையிடியும் ஓங்காளமும் வந்தன. மழைச் சாரலுக்காக யன்னல்களை அடைத்து வைத்திருந்தோம். தலையிடிக்கு நித்திரைக் குறைவே காரணம் என்று நினைத்தோம்.

மூன்றாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை அதிகாலை இரண்டு மணி கழிந்து சில நிமிடங்களில், தீ நடுவில் அணைந்துவிட்டது. அணைந்தவுடன் பூட்டிக்கொள்ள வேண்டிய பேர்னர் பூட்டவில்லை. மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. சூடான எரியறைக்குள் டீசல் தூவப்பட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே வெள்ளைப் புகை நிறைவதைக் கண்ட அந்தத் தம்பி, ஆளியை நிறுத்துவதற்காகப் பேர்னர் அருகே போனார். அதே கணத்தில் சேர்ந்திருந்த டீசல் ஆவி ஒரேயடியாகப் பற்றியது. பேர்னர் பூட்டியிருந்த முன்தட்டு கழன்று வந்தது. புகைக்குழாய் இரண்டாகப் பிரிந்தது. தீயின் நாக்கு அவருடைய கைகளிலும் புருவத்திலும் பட்டது. இன்னும் ஓர் அடி கிட்ட நின்றிருந்தால் முகம் முழுவதும் போயிருக்கும். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் கைகளில் ஓடவிட்டு, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸில் அனுப்பினோம். பற்பசை பூசச் சிலர் ஓடி வந்தார்கள். தீக்காயத்தில் பற்பசையோ எண்ணெயோ பூசவே கூடாது, முதலுதவிக்கு ஓடும் தண்ணீர் ஒன்றே போதும். அவர் இரண்டு மாதம் வேலைக்கு வரமுடியாமல் இருந்தார். வெதுப்பகம் பதினொரு நாள் மூடிக் கிடந்தது.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் கொதிகலன் பகுதியில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் பிரதான மின் ஆளியை நிறுத்தினார். பின்னர் தாங்கியிலிருந்து வரும் டீசல் குழாயின் வால்வை அடைத்தார். அதற்குப் பிறகே பேர்னரில் கை வைத்தார். முன்னே வந்தவர் இந்த இரண்டையும் செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பெட்டியின் மூடியைக் கழற்றியதும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, இதில கை வச்சது ஆர்?” என்று கேட்டார். எரிந்தாலும் எரியாவிட்டாலும் ‘தீ இருக்கிறது’ என்றே பெட்டி நம்பும்படி, அந்தக் கண்ணின் கம்பிகள் மாற்றிக் கட்டப்பட்டிருந்தன. “இனி இது நிக்காது” என்று சொன்ன உறுதிமொழி எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

புதிய நொசிலுக்கு என்று 14,500 ரூபாய் எழுதப்பட்டிருந்தது. உள்ளே இருந்ததோ எங்கள் பழைய நொசில். கட்டாருக்குப் போனவர் அடையாளத்துக்காக வைத்த சிவப்பு வர்ணப் பொட்டு அதில் அப்படியே இருந்தது. அதன் துளையை ஊசியாலோ கம்பியாலோ குத்தித் துப்புரவு செய்திருந்தார்கள். துளையின் விளிம்பில் இருந்த கீறல்களைப் பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் காட்டினார். நொசிலுக்குள் உள்ள நுண்ணிய சரிவான பள்ளங்கள் டீசலைச் சுழலவைத்து, துளை வழியே கூம்பு வடிவில் தூவுகின்றன. அந்த விளிம்பில் ஒரு மயிரளவு கீறல் விழுந்தாலும் கூம்பு உடைந்து, ஒரு பக்கம் கோடாகப் பீய்ச்சும். கோடாகப் பீய்ச்சும் டீசல் முழுதாக எரியாது, கரியாகும். ஆகவே நொசிலைக் குத்தித் துப்புரவு செய்வது என்று ஒரு வேலையே இல்லை. அதை மாற்றத்தான் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுவது நல்லது. எங்களைப்போல் தினமும் ஓட்டுபவர்கள் அதைவிட முந்தி மாற்றுவதே புத்தி. மாற்றும்போது அதில் பொறித்திருக்கும் எண்களும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். எங்களுடையதில் 2.00 என்றும் 60 பாகை என்றும் இருந்தது. முதலாவது, 7 பார் அமுக்கத்தில் மணிக்கு 2 அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ ஏழரை லீற்றர் வெளியேறும் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது தூவலின் கோணம். கோணம் மாறினால் தீ எரியறையின் சுவரில் படும்.

பம்பில் அமுக்கமானியைப் பூட்டிப் பார்த்தபோது 15 பார் காட்டியது. எங்கள் பேர்னருக்கு உரியது 12. கெட்டுப்போன நொசிலை எப்படியாவது தூவவைப்பதற்காக அமுக்கத்தைக் கூட்டியிருக்கிறார். டீசல் செலவு ஏறியதற்கு அது ஒரு காரணம். எரியறையின் சூட்டைப் போறணையின் உட்காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் சுவரில் படிந்த கரி, வெப்பத்தைப் பாணுக்கு விடாமல் புகைபோக்கி வழியே அனுப்பியது மற்றக் காரணம்.

எல்லாவற்றிலும் எனக்கு ஆறாத வேதனை தந்தது கடைசியாகத் திறந்த பில்டர்தான். புதிதாகப் போட்டதாகக் காசு வாங்கிய அந்தப் பில்டர் கழற்றப்படவே இல்லை. அதன் கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீரும், அதன்மேல் தவிட்டு நிறக் கசடும் நின்றன. போறணை முதலில் நின்றதற்குக் காரணம் இதுவே. எங்கள் தாங்கி பின்வளவில் திறந்த வெளியில் நிற்கிறது. காற்றுக்குழாயின் மூடி எப்போதோ உடைந்து, மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் டீசலைவிடப் பாரமானது என்பதால் அடியில் தங்கி, குழாய் வழியே பேர்னருக்கு வந்து தீயை அணைத்திருக்கிறது. தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்து, பில்டரை மாற்றி, ஒரு மூடி போட்டிருந்தால் சில ஆயிரம் ரூபாயுடன் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. பேர்னர் சரியாகவே நடந்துகொண்டது. தண்ணீர் வந்தது, நின்றது, சிவப்பு விளக்கால் சொன்னது. சொன்ன அந்தக் கண்ணையே குருடாக்கிவிட்டார்கள்.

தலையிடிக்கும் ஓங்காளத்துக்கும் காரணம் காபனோரொட்சைட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னார். டீசல் போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு இது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைகிறது. போறணை அறையில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலையிடி வந்து, வெளியே போனதும் குறைந்தால், அதை நித்திரைக் குறைவு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். பேர்னரை நிறுத்தி, எல்லோரையும் வெளியே எடுங்கள். வெப்பமாற்றியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உட்காற்றைச் சுழற்றும் காற்றாடி தொடங்கும் கணத்தில் தீ அலைந்தால் வெடிப்பு இருப்பதாகச் சந்தேகிக்கலாம். அப்படியானால் புகை நேரே பாணுக்குப் போகிறது. எங்களுடையதில் அது இருக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இனி யாராவது உங்களிடம் சேர்விஸ் செய்ய வந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றிய நொசிலையும் பில்டரையும் உங்கள் கையில் வாங்கிக்கொண்ட பிறகே காசு கொடுங்கள். வேலை முடிந்ததும் புகைபோக்கியில் கருவி வைத்து ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, புகையின் வெப்பநிலை ஆகியவற்றை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். புகைக்கரியை வெள்ளைத் தாளில் உறிஞ்சி 0 முதல் 9 வரையான அளவுத்தாளோடு ஒப்பிடும் சோதனையும் உண்டு. நல்ல பேர்னர் 0 அல்லது 1 காட்ட வேண்டும். கருவி இல்லாமல் தீயின் நிறத்தைப் பார்த்தே காற்றைச் சரிசெய்வேன் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ரீசெட் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மறுபடி நின்றால் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு அழுத்தலும் எரியாத டீசலை எரியறையில் சேர்க்கிறது. எங்கள் போறணையில் அந்த நாட்களில் ஓர் இரவுக்கு ஐந்தாறு தடவை அழுத்தியிருக்கிறோம். அதை நான் அனுமதித்திருக்கக் கூடாது.

அந்த மனிதரின் தொலைபேசி இப்போது வேலை செய்வதில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறேன். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்துப் பேசினேன். ஆனால் என் கையில் இருப்பது பெயரில்லாத ஒரு துண்டுக் கடதாசி. பெயர், முகவரி, திகதி, மாற்றிய பாகங்களின் விபரம் எல்லாம் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

அக்கரைப்பற்றுப் பக்கத்தில் இன்னொரு வெதுப்பகத்துக்கும் அவரே போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நேரில் போய் அவர்களிடம் சொன்னேன். திறந்து பார்த்தபோது அங்கும் கம்பிகள் அதே விதமாக மாற்றிக் கட்டப்பட்டிருந்தன. இன்னும் எத்தனை இடங்களில் இப்படி இருக்கிறதோ என்ற எண்ணம் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. சென்ற ஐப்பசிக்குப் பிறகு புதியவர் ஒருவர் உங்கள் பேர்னரைத் தொட்டிருந்தால், அதன் பின்னர் அது ஒருதரமும் நிற்கவில்லை என்றால், இன்றிரவு அதை மூட்டாதீர்கள். நம்பகமான ஒருவரை அழைத்து, பேர்னர் எரியும்போது அந்தக் கண்ணைக் கழற்றி வெளிச்சம் படாமல் மறைக்கச் சொல்லுங்கள். சில வினாடிகளில் பேர்னர் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் மின் ஆளியையும் டீசல் வால்வையும் அடைத்துவிட்டு, அன்றைய மாவைக் கொட்ட நேர்ந்தாலும் பரவாயில்லை, போறணைக்குக் கிட்ட ஒருவரையும் விடாதீர்கள்.