பணிநீக்க மேல்முறையீட்டில் ஊழியர் சங்கத்தின் உதவி: ஒரு மதிப்பீடு

மத்திய அரசு அலுவலகமொன்றில் துறை விசாரணைக்குப் பின் பணிநீக்கம் செய்யப்பட்ட நண்பருக்காக, அவருடைய ஊழியர் சங்கத்தின் மேல்முறையீட்டு உதவிப் பிரிவை நாடினோம். மனு எழுதித் தருவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். மற்றவற்றில் எனக்கு மனக்குறை உண்டு.

அங்கிருந்த ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், ஆணையைப் படிக்கும் முன்பே அது வந்த தபால் உறையைக் கேட்டு வாங்கினார். 1965ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணிகள் விதிகளின்படி, மேல்முறையீட்டுக்கான 45 நாள் கெடு ஆணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து தொடங்குவதே அதற்குக் காரணம். நண்பரின் வரைவிலிருந்த 'கைக்கூலி', 'சதிகாரர்' போன்ற சொற்களைப் பென்சிலால் அடித்தார். அவமதிப்பான சொற்கள் மேல்முறையீட்டில் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். பின்னர், விசாரணை நடைமுறை பின்பற்றப்பட்டதா, முடிவுகளுக்குச் சான்றுகள் போதுமா, தண்டனை குற்றத்துக்குத் தகுந்ததா என்று மேல்முறையீட்டு அதிகாரி ஆராய வேண்டிய மூன்றையும் தனித்தனிப் பகுதிகளாக அமைத்தார். தண்டனைக்கு முன் விசாரணை அறிக்கையின் நகல் தரப்பட்டதா என்றும் துருவித் துருவிக் கேட்டார். அதைப் பெறுவது ஊழியரின் உரிமை என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

பிரதிநிதித்துவத்தில்தான் சங்கம் கைவிட்டது. துறை விசாரணையில் சக அரசு ஊழியர் ஒருவரை, தம் தரப்பை எடுத்துரைக்கும் தற்காப்பு உதவியாளராக வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞருக்குப் பொதுவாக இடமில்லை. ஏற்கெனவே மூன்று வழக்குகளைக் கையில் வைத்திருக்கும் ஊழியர் இன்னொன்றை ஏற்க இயலாது என்பதால், அனுபவமுள்ளவர்கள் கிடைப்பது அரிது என்பது உண்மையே. ஆனால் விசாரணையின்போதே நண்பர் எழுதிக் கேட்டும் சங்கம் யாரையும் அனுப்பவில்லை. குறுக்கு விசாரணையின்றிப் பதிவான சாட்சியத்தை, பிறகு எவ்வளவு நேர்த்தியான மனுவாலும் அசைப்பது கடினம். (சந்தா மட்டும் மாதந்தோறும் தவறாமல் பிடிக்கப்பட்டது.)

மனுவை அனுப்பியதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பணிநீக்கம் போன்ற பெருந்தண்டனைகளில் கோரிக்கை வைத்தால், உதவியாளருடன் நேரில் முறையிட மேல்முறையீட்டு அதிகாரி தம் விருப்புரிமைப்படி அனுமதிக்கலாம். அந்தக் கோரிக்கையை நாங்கள் சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதையும், அதன்பின் அங்கே மனுச் செய்ய ஓராண்டே கெடு என்பதையும் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆகவே மனு வரைவுக்கு மட்டும் இவர்களைத் தயங்காமல் நாடலாம். விசாரணைக்கான உதவியாளரை, குற்றச்சாட்டுகளைத் தெரிவிக்கும் குறிப்பாணை கைக்கு வந்தவுடன் தாமே தேடிக்கொள்வது நல்லது.