கூண்டும் மீனும்: ஒரே துறைமுகத்தில் இரண்டு விதப் பொதுச் சொத்து

நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, அதே கரையிலிருந்து பிடிக்கப் போகும் மீன். இரண்டையும் யாருக்கும் இல்லையென்று தடுப்பது கடினம். பொருளியலில் இந்த ஒற்றுமை இங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாம் எண் கூண்டை ஒரு படகுக்காரர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் அது தேயாது. இது பொதுப்பண்டம். பணம் கட்டாதவரும் பார்த்துவிடலாம் என்பதால், தனியார் யாரும் இதை வியாபாரமாக நடத்த வரமாட்டார்கள். வரிப்பணத்தில் வானிலைத் துறைதான் செய்தாக வேண்டும். இதில் பெரிய குழப்பமில்லை.

மீன் அப்படியல்ல. என் வலையில் விழுந்த வஞ்சிரம் உங்களுக்குக் கிடைக்காது. நான் விட்டுவைத்தாலும் பக்கத்துப் படகு அள்ளிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் முந்துகிறார்கள். குஞ்சு மீனும் தப்புவதில்லை. இது பொது வளம். இங்கே தேவை பணத்தைவிட, கட்டுப்பாடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது அதனால்தான்.

அரசு ஆணை மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். பழவேற்காடு ஏரியில் மீனவர்களே 'பாடு' முறையில் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இப்படி ஊரே வகுக்கும் விதிகளை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். தடைக்காலத்தை முடிவு செய்யும்போது மீனவர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.