எடின்பரோவில் பேய் உலா: பெண்கள் குழுவுக்கு எந்த இடம் பொருந்தும்?

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் பழைய நகரில் பொழுது சாய்ந்ததும், ராயல் மைல் தெருவோரம் கறுப்பு மேலங்கி அணிந்த வழிகாட்டிகள், பேய்க்கதைகள் சொல்லியபடி அழைத்துச் செல்லும் பேய் உலாவுக்கு வருவோரை எதிர்பார்த்து நிற்பார்கள். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவதும், ஆண்டுக்கு ஓர் இரவு வீட்டுக் கவலைகளை ஒதுக்கிவிட்டு ஒன்றாக வெளியே போவதும் வழக்கம். அப்படிப் போன இரவுகளில் மூன்று, இந்நகரின் புகழ்பெற்ற மூன்று பேய் இடங்களில் கழிந்தன. சவுத் பிரிட்ஜ் பாலத்தின் அடியிலுள்ள நிலவறைகள், மேரி கிங்ஸ் குளோஸ் என்னும் மூடுண்ட சந்து, கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம் ஆகியவையே அவை. இதே போன்றதொரு இரவைத் திட்டமிடும் பெண்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் சொல்வதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எது அதிகம் பயமுறுத்தும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெண்கள் குழுவுக்கு அந்த அளவுகோல் போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குக் காரணம் நான்காவதாக நாங்கள் போன ஒரு தெரு உலா. அதை நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குறுகிய சந்து ஒன்றில் கதையின் உச்சத்தில் முகமூடி அணிந்த ஆண் ஒருவர் இருட்டிலிருந்து பாய்ந்து வந்து, வரிசையின் கடைசியில் நின்ற எங்கள் தோழியின் தோளைப் பற்றினார். மற்ற குழுவினர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பும்போது பின்னால் கேட்கும் காலடி ஓசைக்குச் சாவிக்கொத்தை விரல்களுக்கிடையே இறுக்கிக்கொள்ளும் பெண்ணுக்கு அது பேய் விளையாட்டாக இருக்க முடியாது. பேருந்து நிறுத்தம் வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எனவே, அச்சம் கதையிலிருந்தும் இடத்திலிருந்தும் எழுகிறதா, ஆள் பாய்வதிலிருந்து எழுகிறதா என்பதே என் முதல் கேள்வி. அந்தக் கதையில் பெண்கள் யாராக வருகிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி.

நிலவறைகளிலிருந்து தொடங்குகிறேன். 1785 முதல் 1788 வரை கட்டப்பட்ட சவுத் பிரிட்ஜுக்கு 19 வளைவுகள் உண்டு. இருபுறமும் கட்டடங்கள் எழுந்து மறைத்துவிட்டதால், இன்று கவ்கேட் தெருவின் மேலே செல்லும் ஒரே ஒரு வளைவுதான் வெளியே தெரிகிறது. மற்ற வளைவுகளுக்குள் அறைகள் அமைத்துச் செருப்புத் தைப்போரும் மதுக்கடைக்காரர்களும் தொழில் நடத்தினார்கள். மேலிருந்து மழைநீர் ஓயாமல் கசிந்ததால் சில ஆண்டுகளிலேயே வணிகர்கள் வெளியேறத் தொடங்க, வேறு போக்கிடமற்ற ஏழைகள் வெளிச்சமும் கழிவறையும் இல்லாத அந்தப் பொந்துகளில் குடியேறினார்கள். பின்னர் கட்டட இடிபாடுகளைக் கொட்டி அடைக்கப்பட்ட அறைகள், 1980களில்தான் மீண்டும் தோண்டித் திறக்கப்பட்டன.

இடத்தின் வலிமை என்று பார்த்தால் மூன்றில் இதற்கே முதலிடம். உள்ளே காலடி வைத்ததும், பழைய கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது வரும் ஈரக்கல் வாடை முகத்தில் அடிக்கிறது. வழிகாட்டி மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு அமைதியாக நின்றபோது, எங்கோ சொட்டும் நீரின் ஓசையைத் தவிர எதுவும் கேட்கவில்லை. யாருடையது என்று தெரியாமலேயே பக்கத்திலிருந்த ஒரு கையை நான் பற்றிக்கொண்டிருந்தேன். 2001இல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் இந்த நிலவறைகளுக்குப் பொதுமக்களை அழைத்துச் சென்று ஓர் ஆய்வு நடத்தினார். எந்த அறையில் பேய் உலவுவதாகச் சொல்லப்படுகிறது என்று அறியாமல் சென்றவர்களும், அப்படிச் சொல்லப்படும் அறைகளிலேயே விசித்திரமான உணர்வுகளை அதிகம் கூறினர். அறையின் அளவு, வெளிச்சத்தின் அளவு போன்ற சூழல் காரணிகளோடு அவ்வுணர்வுகளுக்குத் தொடர்பு இருந்ததையும் ஆய்வு காட்டியது. பேயை நம்பாதவர்களும் அங்கே நடுங்குவதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால், அங்கே சொல்லப்படும் கதைகளின் நடுவில் நிற்பவர் கனத்த காலணி அணிந்த ஓர் ஆண் ஆவி. அவ்வறைகளில் பிள்ளை பெற்று வளர்த்த பெண்களின் பெயர் ஒன்றுகூட எங்கள் காதில் விழவில்லை. மூடிய இடங்களில் மூச்சு முட்டுவோர் குழுவில் இருந்தால் இதைத் தவிர்ப்பதே நல்லது; எங்களில் ஒருவர் பாதியிலேயே வெளியேற நேர்ந்தது.

மேரி கிங்ஸ் குளோஸ் வேறு வகையைச் சேர்ந்தது. அதை முழுமையான பேய் உலா என்று சொல்வதைவிட, பேய்க்கதையும் கலந்த வரலாற்று உலா என்பதே பொருந்தும். ராயல் மைலிலிருந்து இறங்கிய இந்தச் சந்தின் மேல்தளங்களை இடித்து, கீழ்தளங்களையே அடித்தளமாகக் கொண்டு 1753இல் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிகர் கூடக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார்கள். இன்று நகரமன்றம் இயங்குவது அந்தக் கட்டடத்தில்தான். அதன் அடியில் சந்தின் சரிவும் வாசல்களும் அடுப்புகளும் அப்படியே இருக்கின்றன. 2003 முதல் பொதுமக்கள் அங்கே அனுமதிக்கப்படுகிறார்கள். உலா ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும்.

சந்துக்குப் பெயர் தந்த மேரி கிங், 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்தவர். கணவரை இழந்த பின் துணி வணிகம் செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். தெருக்கள் ஆண்களின் பெயரையே தாங்கிய காலத்தில், ஒரு கைம்பெண்ணின் உழைப்பு ஒரு சந்தின் பெயராக நிலைத்துவிட்டது என்பதைக் கேட்டபோது எங்கள் குழுவில் எழுந்த சலசலப்பு, வேறெந்த உலாவிலும் எழாத ஒன்று. 1645இல் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளை உள்ளேயே வைத்துச் சுவரெழுப்பிக் கொன்றார்கள் என்ற கதை நெடுங்காலம் உலவியது. அது உண்மையன்று. நோய் கண்ட வீடுகளை ஒதுக்கிவைத்து உணவும் எரிபொருளும் கொடுத்தார்கள். பலரை நகருக்கு வெளியே குடிசைகளுக்கு மாற்றினார்கள். அச்சத்துக்குத் தோதான பொய்யை விட்டுவிட்டு, வழிகாட்டி இதை எடுத்துச் சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பேய் வேண்டுமென்றால் ஆனி என்ற சிறுமி இருக்கிறாள். 1992இல் அங்கே வந்த ஜப்பானிய ஆவியுலகவாதி ஒருவர், பொம்மையைத் தொலைத்த குழந்தை தன் ஆடையைப் பற்றி இழுத்ததாகக் கூறி, ஒரு பொம்மையை வாங்கி வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் உலகெங்கிலுமிருந்து வருவோர் அந்த அறையில் விளையாட்டுப் பொருட்களை வைக்கிறார்கள். எங்கள் குழுவில் மூத்தவர், ஓய்வுபெற்ற செவிலியர், அறைக்குள் வந்ததும் பையிலிருந்து தான் பின்னிய விரலளவுத் தொப்பி ஒன்றை எடுத்து ஒரு கரடிப் பொம்மையின் தலையில் மாட்டினார். அவர் முதல் நாளே அதைப் பின்னி வைத்திருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அங்கே யாரும் அலறவில்லை. இருந்தும் நாங்கள் இன்றுவரை அதிகம் பேசுவது அந்த அறையைப் பற்றித்தான். குறை என்றால், தரை சரிவாகவும் மேடுபள்ளமாகவும் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாகவே இறங்க வேண்டியிருக்கும்.

உண்மையான நடுக்கத்தைத் தேடுவோர் கிரேஃபிரையர்ஸுக்குத்தான் போக வேண்டும். 1562 முதல் இடுகாடாக உள்ள இத்தோட்டத்தில், 1679இல் பாத்வெல் பிரிட்ஜ் போரில் தோற்ற உடன்படிக்கையாளர்கள் (திருச்சபையில் அரசர் தலையிடுவதை எதிர்த்த ஸ்காட்லாந்துக் கிறித்தவர்கள்) ஏறத்தாழ 1,200 பேரைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அவர்களைக் கொடுமையாக ஒடுக்கிய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சியும் 1691இல் இறந்தபின் இதே தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1998இல் வீடற்ற ஒருவர் அவருடைய கல்லறைக்குள் புகுந்த பிறகே, பார்வையாளர்கள் மயங்கி விழுவதாகவும் உடலில் கீறல்கள் தோன்றுவதாகவும் செய்திகள் வந்தன. உடன்படிக்கையாளர் சிறை எனப்படும் பகுதியின் இரும்புக் கதவு இன்றும் பூட்டியே இருக்கிறது. உலாவோடு சென்றால் மட்டுமே திறப்பார்கள். எங்களுக்குப் பின்னால் அந்தப் பூட்டு விழுந்த ஓசை, அதன்பின் கேட்ட எந்தக் கதையைவிடவும் ஆழமாக மனத்தில் பதிந்தது. ஆயினும் இது பெரும்பாலும் ஆண்களின் போரும் ஆண்களின் பழியும். மழையும் காற்றும் அன்று எங்களை விரைவாகவே சோர்வடையச் செய்தன.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். ஜூன் இறுதியில் எடின்பரோவில் இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறைகிறது. வெளிச்சத்தில் கல்லறைத் தோட்டம் அழகான பூங்காவாகவே தெரியும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. நிலத்தடி உலாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எந்த உலாவுக்குச் சீட்டு வாங்கினாலும், முன்கூட்டியே தொலைபேசியில் இரண்டு செய்திகளைக் கேளுங்கள். யாராவது பாய்ந்து பயமுறுத்துவார்களா, வந்தவர்களைத் தொடுவார்களா என்பது முதலாவது. சூனியக்காரிகளின் கதையை எப்படிச் சொல்வார்கள் என்பது இரண்டாவது. ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை நடப்பில் இருந்த சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 3,800 பேர் சூனியக் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதற்காக 2022 மகளிர் தினத்தன்று ஸ்காட்லாந்தின் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் மன்னிப்புக் கோரினார். அப்பெண்களைக் கூன்மூக்குக் கிழவிகளாகக் காட்டும் உலாவுக்கு எங்கள் வட்டம் இனிப் போகாது.

என் தேர்வு மேரி கிங்ஸ் குளோஸ். இளையவர்கள் மட்டும் உள்ள, இருட்டுக்கு அஞ்சாத குழு என்றால் நிலவறைகளைச் சொல்வேன். எதுவாயினும் அது முடிந்ததும் கிராஸ்மார்க்கெட் சதுக்கத்துக்கு இறங்கிச் செல்லுங்கள். கருவுற்றதை மறைத்த குற்றத்துக்காக 1724இல் அங்கே தூக்கிலிடப்பட்ட மீன் விற்கும் பெண் மேகி டிக்சன், சவப்பெட்டியில் ஊருக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் உயிர்த்தெழுந்தார். தண்டனை நிறைவேறிவிட்டது என்று கருதி அவரை விட்டுவிட்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் வாழ்ந்தார். அவர் பெயர் தாங்கிய மதுக்கூடம் அந்தச் சதுக்கத்திலேயே இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு மேசை வேண்டுமென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.